லயத்துச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

தேயிலை என்பது தமிழ்ச்சொல்லா, பிறமொழிச் சொல்லா என்று வகுப்பறையில் வினவினால், மாணவர் பெரும்பாலோர் தயங்காமல் தமிழ்ச்சொல் என்றே விடையிறுப்பர். அவ்விடையில் பாதி மெய்யானது. சீனத்தின் ஃபுஜியன் கடற்கரை மக்களுடைய ஹொக்கியன் பேச்சில் அச்செடியின் பெயர் 'தே' என்பதாகும். அக்கரையிலிருந்து கப்பலேறிய அப்பெயரே மலாயிலும் மேலை மொழிகள் பலவற்றிலும் குடிபுகுந்தது. தரைவழியாகச் சென்ற 'சா' என்னும் மற்றொரு வடிவம் வடவிந்தியாவில் 'சாய்' ஆயிற்று. கடல்வழி வந்த 'தே'யைப் பெற்ற தமிழர் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. அதன் பின்னே இலையைச் சேர்த்துத் தேயிலை என்றனர். நீரைச் சேர்த்துத் தேநீர் என்றனர். தோட்டத்து மக்களோ தேத்தண்ணி என்றனர். தலை சீனத்தது, உடல் தமிழினது. இன்று இச்சொல்லை அயற்சொல் என்று ஒதுக்குவார் ஒருவரும் இலர்.

கேமரன் மலையில் வாழும் நமக்கு இச்சொல்லின் வரலாறு தனிச்சுவை உடையது. ஏனெனில், இம்மலையின் தமிழ் முழுவதும் இவ்வாறு பலவிடத்துச் சொற்கள் ஒட்டியும் வெட்டியும் உருவானதே. ஒருபால், எழுதப் படிக்க அறியாத உழைப்பாளர் தம் தேவைக்கேற்பப் புதிய வழக்குகளைப் படைத்தனர். மறுபால், புலவரும் ஆசிரியரும் இதழாளரும் பழைய ஏடுகளிலிருந்து மறைந்த சொற்களை மீட்டுக் கொணர்ந்தனர். முன்னதைக் கொச்சை என்றும் பின்னதைச் செம்மை என்றும் பெயரிட்டு, ஒன்றால் மற்றொன்றை அழிப்பதே மொழித்தொண்டு என எண்ணும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தல் வேண்டும்.

இம்மலைக்கு அப்பெயர் வரக் காரணமானவர் 1885ஆம் ஆண்டு இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன். அவர் கண்ட மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்வையிட்ட பின்னரே மலைவாழிடமாக்கும் முயற்சி சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்றவர். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை அமைந்தது 1930களின் தொடக்கத்தில்.

இலங்கைத் தொடர்பு ஈண்டு நோக்கற்பாலது. தேயிலைத் தொழிலோடு அதன் தமிழும் அங்கே ஏற்கனவே விளைந்திருந்தது. கண்டிச் சீமையின் மலைகளில் நூறாண்டு உழைத்த தமிழர், அத்தொழிலுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் தாமே ஆக்கிவைத்திருந்தனர். செடியை வெட்டி அடக்குதல் கவ்வாத்து ஆயிற்று. இந்துஸ்தானி வழிவந்த அதே ஒலியுடைய சொல் படைப்பயிற்சியையும் குறிக்கும். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணி வேலை பகிர்தல் பெரட்டு ஆயிற்று. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் 'பரேட்' என்பதன் தமிழ்வடிவம் அது. படைவீட்டுச் சொற்கள் தேயிலைக் காட்டில் வழங்கியதைப் பார்க்கும்போது, அம்மக்கள் தம் வாழ்வை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வரிசையாக நின்ற ஆட்கள் வேலை முடிந்து திரும்பியதும் வரிசையான அறைகளுக்கே. அவ்வரிசையின் ஆங்கிலப் பெயராகிய 'லைன்' இலங்கையில் லயனாகவும் மலாயாவில் லயமாகவும் நிலைத்தது. வடமொழியில் லயம் என்பது ஒன்றில் ஒன்று கரைதலைக் குறிக்கும். பத்தடிச் சதுர அறையில் ஒரு குடும்பம் கரைந்து கிடந்த நிலைக்கு இப்பெயர் தற்செயலாகவேனும் பொருந்திவிட்டது.

மலாயாவின் தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வேறொரு சொற்கூட்டம் உருவாகியிருந்தது. அங்கே மலாய்மொழி பக்கத்து வீட்டு மொழி. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் கித்தாவாகி, ரப்பர்க் காடு கித்தாக்காடு ஆயிற்று. அம்மரத்தைப் பால்மரம் என அழைத்ததோ நம்மவர் சொந்தப் படைப்பு. சீவிய பட்டையினின்று வெள்ளையாய் வடிவதைக் கண்டவர்க்கு வேறு பெயர் தோன்றியிராது. சாலைக்குச் சடக்கு என்றனர். அது வடவிந்தியச் சொல். சீருந்துக்குக் காடி என்றனர், அதுவும் அவ்வாறே. பழந்தமிழில் காடி என்பது புளித்த நீரைக் குறிக்கும் என்பதை அறிந்த புலவர் ஒருவர் 'அப்பா காடியில் வந்தார்' என்னும் மாணவனின் தொடரைப் படித்தால் என்ன நினைப்பார் என்று எண்ணி நான் பலகால் நகைத்ததுண்டு.

நாணயப் பெயரைப் பாருங்கள். இத்துறைமுகங்களில் புழங்கிய அயல்நாட்டு வெள்ளிக் காசுகளின் பல்பல்லான விளிம்பை நோக்கி மலாய்க்காரர் அதற்கு ரிங்கிட் எனப் பெயரிட்டனர். தமிழர் அது ஆன பொருளை நோக்கி வெள்ளி என்றனர். ஒரே நாணயம், ஒருவர் விளிம்பைத் தடவிப் பெயரிட்டார், மற்றவர் உலோகத்தை மதிப்பிட்டுப் பெயரிட்டார். 1975இல் ரிங்கிட், சென் என்பன சட்டமுறைப் பெயர்களான பின்னும் வெள்ளியும் காசும் நம் பேச்சை விட்டு அகலவில்லை. காசு என்பது சோழர் நாணயத்தின் பெயராகவும் இருந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லிப் பாருங்கள்; ஐந்து காசு நாணயத்தை அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இனி, என் நெஞ்சை மிகுதியும் வருத்தும் சொல் ஒன்றுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்களைச் சஞ்சிக்கூலி என்றனர் நம் முன்னோர். 'ஜாஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. மலாயில் அதன் பொருள் வாக்குறுதி. ஆண்டுக் கணக்கில் ஒருவனைத் தோட்டத்தோடு பிணைத்த அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய வரலாற்று நூல்களில் அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர். பிழையற்ற சொல்தான், ஆனால், அதில் வாக்குறுதி இல்லை. வாக்குக் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், மீறியவன் யார் என்னும் வினாக்கள் சஞ்சி என்ற மூவெழுத்துச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன. தம் வரலாற்றைத் தம் கையால் எழுதாத மக்கள் விட்டுச்சென்ற ஆவணம் இத்தகைய சொற்களே.

சஞ்சிக்குப் பின் வந்தது கங்காணி முறை. கங்காணி என்னும் பெயரைக் கேட்டால் முதியோர் சிலர் இன்றும் முகஞ்சுளிப்பர். ஆயினும் அது பிறந்த குடி உயர்ந்தது. கண் என்பதனோடு காண் என்னும் வினை சேர்ந்த கண்காணி, சோழர் காலக் கல்வெட்டுகளில் மேற்பார்வைப் பொறுப்பைக் குறித்து வழங்கிய சொல். அரசன் ஆணையிலும் கோயில் நிருவாகத்திலும் உலவிய அச்சொல், ஊர் ஊராய்ச் சென்று ஆள் திரட்டியவனுக்கும், திரட்டியவர்களைக் கடனால் கட்டி வைத்தவனுக்கும் பெயராயிற்று. அங்கிருந்து ஆங்கில அரசின் அறிக்கைகளுக்குள்ளும் நுழைந்தது. இந்திய அரசு 1938இல் உதவியுடன் கூடிய ஆள்பெயர்வைத் தடைசெய்தபோது அம்முறை ஓய்ந்தது. இவ்வாறு ஒரு பழஞ்சொல் புலவர் எவர் துணையுமின்றி ஆயிரம் ஆண்டு நடந்து வந்தது. வழியில் அதன் மதிப்பு மட்டும் களவு போயிற்று. தண்டல் என்பதும் அத்தகையதே. வரி திரட்டுதலைக் குறித்த அச்சொல் மலாயில் தண்டில் என நுழைந்து ஆட்கூட்டத்தின் தலைவனைக் குறித்தது. தோட்டத்திலும் வேலை வாங்குபவன் தண்டலானான்.

துண்டு என்னும் எளிய சொல்லின் கதை இன்னும் கடுமையானது. இலங்கைத் தோட்டங்களில், ஒரு தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அச்சீட்டு இன்றி அவன் தோட்டம் மாற இயலாது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. மலாயாவிலோ அதே வேர் வேறொரு துயரத்தைப் பெயரிட நேர்ந்தது. 1950களில் வெள்ளையர் தம் பெருந்தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. அதற்கு நம் மக்களும் நாளிதழ்களும் வழங்கிய பெயர் துண்டாடல். அத்துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஓரிடத்தில் மனிதனைக் கட்டிய துண்டு, மற்றோரிடத்தில் மண்ணை வெட்டிய துண்டு.

இது ஒரு நீரோட்டம். மற்றையதைக் காண்போம்.

1916ஆம் ஆண்டு தமிழ்ச் சொல் வரலாற்றில் குறிக்கத்தக்கது. வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளார் தனித்தமிழ் இயக்கத்தை அவ்வாண்டு தொடங்கினார் என்பர். அதே ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களை ஆக்கச் சங்கம் ஒன்றை நிறுவினர். இருசாராரும் வடசொல்லைப் பற்றி ஒரே கருத்துடையவரல்லர். எனினும், தமிழால் எதனையும் சொல்ல இயலும் என்பதில் வேறுபாடில்லை. அவ்வெழுச்சி கப்பலேறி இங்கும் வந்தது. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அதற்கு வாயில்களாயின. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்ததும், தனிநாயக அடிகளார் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்ததும் அவ்வெழுச்சிக்கு வலிமை சேர்த்தன. காரியதரிசி செயலாளர் ஆனார். உபாத்தியாயர் ஆசிரியர் ஆனார். நமஸ்காரம் வணக்கம் ஆயிற்று. தோட்டத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழ்களே இம்மாற்றத்துக்குச் சான்று.

இவற்றை வெறும் புலமை விளையாட்டு என்று எண்ணுதல் தகாது. கூலி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். திருக்குறளின் 619ஆம் குறளில் அது உழைப்புக்கு வரும் பயனைக் குறித்து மிக்க மதிப்புடன் நிற்கிறது. ஆங்கிலேயரின் வழக்கிலோ அது ஊதியத்தை விட்டு ஊதியம் பெறுபவன்மேல் ஏறியது, மனிதனே கூலியானான். ஆங்கிலத்தின் 'கூலி' தமிழிலிருந்து சென்றதா, குசராத்தின் கோளி என்னும் குடிப்பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கிருந்து சென்றதாயினும், திரும்பி வந்தபோது அது வசைச்சொல்லாகவே வந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதற்கு முன்னின்றார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமன்றி மற்றொன்றும் இருந்தது: துரைமாரையும் தோட்ட அலுவலரையும் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. ஊதியத்தோடு ஒப்ப மானத்தைக் கேட்ட மக்கள் அவர்கள். பின்னர் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, தொழிலாளர் என்னும் சொல் அவர்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஏறியது. தொழிலை ஆள்பவர் என்பது அதன் பொருள். ஏட்டுத் தமிழ் லயத்துக்குச் செய்த நன்மைகளுள் இதனைத் தலையாயதாக நான் கருதுகிறேன்.

பழஞ்சொல்லை மீட்கும் முயற்சி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் கடன்கொடுத்த ஆங்கிலத்திலேயே அது நிகழ்ந்தது. டார்செட் நாட்டுப்புறத்துப் பள்ளியாசிரியராயிருந்து பாதிரியாரான வில்லியம் பார்ன்ஸ் (1801–1886), இலத்தீன், கிரேக்கச் சொற்களை விலக்கிப் பழைய ஆங்கில வேர்களால் புதுச்சொற்கள் படைத்தார். இலக்கணத்துக்கு 'ஸ்பீச்கிராஃப்ட்' என்றார். 1878இல் வெளியிட்ட நூலுக்கும் அச்சொல்லால் பெயரிட்டார். குழந்தையைத் தள்ளிச்செல்லும் வண்டிக்கு 'புஷ்வெயின்லிங்' என்றார். மக்கள் சிரித்துவிட்டு இலத்தீன் வழிப் பெயரையே வைத்துக்கொண்டனர். ஆனால், 1846இல் வில்லியம் தாம்ஸ் அதே முறையில் ஆக்கிய 'ஃபோக்லோர்' என்னும் சொல் உலக மொழிகள் பலவற்றில் நுழைந்துவிட்டது. இருவரும் ஒரே பட்டறையில் அடித்தவர்களே. ஒருவர் ஏற்கனவே பெயர் பெற்றிருந்த பொருளுக்குப் பெயரிட்டார். மற்றவர் அதுவரை நல்ல பெயர் அமையாதிருந்த பொருளுக்குப் பெயரிட்டார். பார்ன்ஸைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். தம் ஊர் உழவரின் பேச்சுமொழியிலேயே அவர் கவிதை எழுதினார். அவை இன்றும் மதிக்கப்படுகின்றன. ஏட்டுச் சொல்லும் ஊர்ச்சொல்லும் அவர் நெஞ்சில் பகைகொண்டு நிற்கவில்லை.

நம் மீட்புச் சொற்களின் பேறும் அவ்வாறே அமைந்தது. வலவன் என்பது சங்க நூல்களில் தேரோட்டுபவனைக் குறிக்கும். வண்டி ஓட்டுபவருக்கு அதனை மீட்டுத் தர முயன்றோர் உண்டு. அது எழவில்லை, ஓட்டுநர் என்னும் புதுச்சொல் வென்றது. மகிழுந்து பாடநூலில் மட்டும் ஓடுகிறது. வாசலில் நிற்பது காடியே. ஆனால், பெயரே இல்லாதிருந்த புதுப்பொருளுக்குச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி வழங்கிய இணையம் என்னும் சொல்லை இன்று தமிழுலகம் முழுவதும் வழங்குகிறது. மறுத்துச் சொல்ல அதற்குப் போட்டிச்சொல் வேரூன்றியிருக்கவில்லை.

மறைந்தன என நாம் எண்ணும் சொற்கள் சில பக்கத்து வீட்டில் நலமாயிருக்கின்றன. கேடயத்தைக் குறிக்கும் பரிசை என்னும் சொல்லை இன்று தமிழ்ப்பிள்ளை ஒருவன் அகராதியில்தான் காண்பான். மலாய்ப்பிள்ளை அதனைப் பெரிசாய் என நாள்தோறும் வழங்குகிறான். மாளிகை மஹ்லிகாய் ஆகவும் வகை பாகாய் ஆகவும் அங்கே வாழ்கின்றன. மலாய்ப் பாடம் நடத்தும் ஆசிரியரும் தமிழ்ப் பாடம் நடத்தும் ஆசிரியரும் ஒரே அறையில் அமரும் நம் பள்ளிகளில் இதனை ஒருநாள் பேசினால் மாணவர்க்கு எவ்வளவு ஊக்கம் பிறக்கும்! இக்கால இளைஞரின் பேச்சிலும் அவ்வுறவு தொடர்கிறது. மச்சான் என்பது மாச்சா என்றாகி மலாய், சீன இளைஞர் வாயிலும் புழங்குவதை நாம் அறிவோம்.

சில சொற்களை மீட்க வேண்டிய தேவையே இல்லை. நாம் அவற்றை அடித்துத் திருத்தாமலிருந்தால் போதும். காலையுணவு உண்டலை இந்நாட்டுத் தமிழர் பசியாறுதல் என்பர். தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் சிலவற்றிலும் அவ்வழக்கு உண்டு. பசி ஒரு தீ. அது ஆற வேண்டும். இதனினும் நல்ல தமிழ் வேறு யாது? ஆயினும் கட்டுரைத் தாள்களில் அதன்மேல் செம்மைக்கோடு விழுவதையும், மேலே 'காலைச் சிற்றுண்டி' என்று எழுதப்படுவதையும் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், மாதிரி வகுப்பில் சடக்கு என்று சொன்னதற்காக என் மதிப்பெண்ணைக் குறைத்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். சாலை என்று எழுதப் பழக்க வேண்டும் என்பதில் அவர் கருத்து முறையானதே. சடக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருந்தால் அவ்வகுப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தேயிலைக் கொழுந்துக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புகளைப் பெயரிடுமிடத்துத் தளிர், முறி, குழை முதலியவற்றைக் கூறுகிறது. இளந்தளிரைக் குறித்த முறி இன்று அப்பொருளில் வழக்கிழந்தது. கொழுந்தோ வாழ்கிறது. கூடையைத் தலையில் மாட்டி, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிய பெண்கள் வாயில் அது நாள்தோறும் இருந்தமையால் வாழ்ந்தது. இலக்கியம் காக்காததைத் தொழில் காத்தது. இன்று அத்தொழிலே மாறிவிட்டது. விரல் கிள்ளிய இடத்தைக் கத்தரியும் பொறியும் பிடித்துக்கொண்டன. தோட்டங்களில் இப்போது உழைப்போருள் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கின்றனர், அது மகிழத்தக்கதே. ஆயின் பெரட்டும் சஞ்சியும் ஆயாக்கொட்டகையும் கிராணியும் எழுபது, எண்பது வயதினர் நினைவில் மட்டும் தங்கியுள்ளன. சங்கப் பாடலில் வழக்கிழந்த சொல்லுக்கு உரையாசிரியர் உண்டு. லயத்துச் சொல்லுக்கு அம்முதியோரை அன்றி உரையாசிரியர் இலர்.

ஆதலின் இவற்றைத் தொகுத்தல் வேண்டும். தொகுப்போர் சொல்லையும் பொருளையும் மட்டும் குறித்தால் போதாது. யார் யாரிடம் சொன்னது, எந்த வேலையின்போது சொன்னது, துரைமுன் சொல்லக் கூடியதா, மறைவில் மட்டும் சொல்வதா என்பனவும் குறிக்கப்பட வேண்டும். எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் தத்தம் பாட்டிமாரைக் கேட்டு ஒரு குறிப்பேடு எழுதி வருகின்றனர். பெரட்டு என்னும் சொல்லுக்கு மூன்று வீடுகளிலிருந்து மூன்று விளக்கங்கள் வந்தன. ஆட்களை எண்ணும் இடம் என்றார் ஒருவர். இருள் பிரியுமுன் எழ வேண்டிய நேரம் என்றார் மற்றொருவர். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் அழவிட்டு ஓடியது என்றார் மூன்றாமவர். எது சரியான விடை என்று மாணவர் கேட்டனர். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சொன்னவர் இன்ன தோட்டத்தவர் என்னும் குறிப்போடு எழுதச் சொன்னேன்.